கிராபிக்ஸ் கார்டு மேல் பழி போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் இணைப்பிதழின் கணினி கேள்வி–பதில் பகுதியில் ராஜபாளையம் வாசகர் ஒருவரின் கேள்வியைப் படித்தேன். ‘ரெட் அலர்ட் 2’ என்ற பழைய போர் விளையாட்டைப் புதுக் கணினியில் போட்டால் பாட்டு கேட்கிறது, மவுஸ் அசைகிறது, ஆனால் மெனு தெரியாமல் திரை கறுப்பாக நிற்கிறது. அதைச் சின்ன விண்டோவில் ஓட்ட வழி உண்டா என்று கேட்டிருந்தார். பழைய விளையாட்டு, இன்றைய கணினிக்கு ஒத்துவராது, வேண்டுமானால் திரையில் படம் வரைந்து காட்டும் கிராபிக்ஸ் கார்டை மாற்றிப் பாருங்கள், இல்லையென்றால் புதிதாக ஏதாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று பதில் வந்திருந்தது.

பதில் எழுதியவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் இதே பதிலைக் காசு வாங்கிக்கொண்டு சொன்ன கடை ஒன்று என் அக்கா மகனுக்கு வாய்த்தது. ராஜபாளையத்துக்காரர் நாளைக்கு அப்படி ஒரு கடைப் படி ஏறிவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன். கடிதம் நீளம். வெட்ட வேண்டுமென்றால் என் பழங்கதையை வெட்டுங்கள், நடுவில் வரும் செய்முறையில் கை வைக்காதீர்கள்.

2001 முதல் 2009 வரை கோவில்பட்டியில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். எட்டு கம்ப்யூட்டர், எட்டும் பெட்டி மானிட்டர், ஒரு ஹப், சூடானால் விசிலடிக்கும் ஒரு யுபிஎஸ். பகலில் பரீட்சை ரிசல்ட் பார்க்க வருவார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பாலிடெக்னிக் பையன்கள் வந்து நாலுக்கு நாலாகப் பிரிந்து உட்கார்ந்தால் கடை போர்க்களம்தான். ரெட் அலர்ட் 2 வெளிவந்தது 2000 அக்டோபரில். அதன் தொடர்ச்சியான ‘யூரிஸ் ரிவெஞ்ச்’ அடுத்த ஆண்டு அதே மாதம். அவற்றைச் செய்த வெஸ்ட்வுட் நிறுவனத்தை 2003இல் மூடிவிட்டார்கள். சோவியத் படை அமெரிக்காவுக்குள் இறங்கிவிட்டது என்று ஒரு கற்பனை வரலாறு. கிரோவ் என்றொரு ஆகாயக் கப்பல் ஊர்ந்து ஊர்ந்து வந்து தலைக்கு மேல் நின்று குண்டு போடும். அது புறப்படும்போது ஒரு கட்டைக்குரல் அறிவிப்பு கொடுக்கும். எட்டு ஹெட்போனிலும் அது கேட்டதும் எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் ‘எவன்ல அது’ என்பார்கள். எல்லாம் ஒளித்து மறைத்துப் பர்ன் செய்த சிடி. அந்தப் பாவத்தைத் தொலைக்க, 2024இல் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் அந்த வரிசை முழுவதும் வந்தபோது ஒரு செட் காசு கொடுத்து வாங்கி வைத்தேன்.

இப்போது அதே இடத்தில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், பான் கார்டு. தேர்வாணைய விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி வந்தால் மூச்சுவிட நேரமிருக்காது. மற்ற நாளில் மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை ஈ ஓட்டுவேன். அந்த இரண்டு மணி நேரத்துக்குத்தான் எனக்கு இந்த விளையாட்டு வேண்டும், அதுவும் விண்டோவில். முழுத்திரையில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருவர் ஆதார் பிரிண்ட் கேட்டு வந்து நின்றால், ஆல்ட்டையும் டேபையும் அழுத்திவிட்டுத் திரும்பிவரும்போது திரை கறுத்திருக்கும். பாதி ஜெயித்த போர் அதோடு போச்சு.

அக்கா மகன் கதைக்கு வருகிறேன். அவனிடம் இருப்பது பிளஸ் டூவில் அரசு கொடுத்த இலவச லேப்டாப். அதில் விண்டோஸ் 7 இருந்தவரை விளையாட்டு சுத்தமாக ஓடியது. போன வருஷம் பழைய ஹார்டு டிஸ்குக்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி போட்டு விண்டோஸ் 10 ஏற்றினான். அன்றைக்கே மெனு காணாமல் போனது. வெளியூரில் ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்திருக்கிறான். கிராபிக்ஸ் சிப் போய்விட்டது, போர்டைக் கழற்றிச் சூடு காட்ட வேண்டும், நாலாயிரத்து ஐந்நூறு ஆகும் என்றார்களாம். பையன் எனக்குப் போன் போட்டான்.

“மாமா, சிப் போச்சாம்.”

“யூடியூப் ஓடுதா?”

“ஓடுது.”

“படம் பாத்தியா?”

“நேத்துகூடப் பாத்தேன் மாமா.”

“அப்பம் சிப் எங்கல போச்சு? கொண்டா பாப்பம்.”

கொண்டுவந்தான். போட்டுப் பார்த்தேன். கறுப்புத் திரையில் மவுஸ் அம்பு மட்டும் நீந்திக்கொண்டிருந்தது. ஆனால் ‘சிங்கிள் பிளேயர்’ பொத்தான் வலது ஓரத்தில் முதலாவதாக இருக்கும் என்பது எனக்கு எட்டு வருஷப் பாடம். கண்ணை மூடிக்கொண்டுகூட அழுத்துவேன். குத்துமதிப்பாக அந்த இடத்தில் கிளிக் செய்தேன், டிக் என்று சத்தம் வந்தது, அடுத்த மெனுவுக்குப் போய்விட்டது. அதுவும் கறுப்புதான். இன்னும் இரண்டு கிளிக், அதுவும் குத்துமதிப்பில். போர்க்களம் வந்ததும் பளிச்சென்று எல்லாம் தெரிந்தது. மரம், பாலம், டாங்கி, கீழே கட்டளைப் பொத்தான் வரிசை எல்லாமே. சிப் கெட்டிருந்தால் மெனுவை மட்டுமா மறைக்கும்?

காரணம் இதுதான். இந்த விளையாட்டு போர்க்களத்தை வரைவது டைரக்ட்டிரா என்கிற வழியில். 1995 வாக்கில் விண்டோஸ் விளையாட்டுகளுக்காக வந்த வழி அது, இடையில் ஆளில்லாமல் நேராக வீடியோ நினைவகத்தில் எழுதும். மெனுப் பொத்தான்களோ சாதாரண விண்டோஸ் பெட்டிகள், அவற்றை விண்டோஸ் தன் வழக்கப்படி வரைகிறது. பழைய விண்டோஸில் இரண்டும் ஒரே பலகையில் விழுந்தன. எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விஸ்டாவிலிருந்து எல்லா ஜன்னலையும் வாங்கி ஒன்றாக அடுக்கிக் கொடுக்க நடுவில் ஒரு மேஸ்திரி வந்து உட்கார்ந்துவிட்டார். விண்டோஸ் 7 வரை அவரை எழுந்து போகச் சொல்ல முடிந்தது. 8 முதல் அவரைக் கிளப்பவே முடியாது.

நிறக் கணக்கு இன்னொன்று. ரெட் அலர்ட் 2 வரைவது 16 பிட் நிறத்தில், அதாவது 65,536 நிறம். எக்ஸ்பி காலத்தில் டெஸ்க்டாப்பில் வலது கிளிக் செய்து நிறத்தை 16க்கும் 32க்கும் மாற்றிக்கொள்ளலாம். என் கடையில் ஐந்தாம் நம்பர் கம்ப்யூட்டர் எப்போதும் 16இல்தான் இருக்கும். அதில் உட்கார்ந்து கல்யாண போட்டோ பார்த்தவர்கள், மாப்பிள்ளை முகத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுகிறதே என்பார்கள். விண்டோஸ் 8 முதல் டெஸ்க்டாப் 32 பிட்டிலேயே நிற்கிறது, 16 என்பது உள்ளுக்குள் பாவனைதான். விளையாட்டைச் செய்தவர்களுக்கு 2000இல் இதெல்லாம் எப்படித் தெரியும்?

இனி செய்முறை. உங்கள் அச்சில் ஆங்கில எழுத்து வராது என்பதால் உச்சரிப்பில் எழுதுகிறேன், வாசகர்கள் ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ள வேண்டும்.

விளையாட்டின் ஃபோல்டரில் ‘ஆர்ஏ2 டாட் ஐஎன்ஐ’ என்று ஒரு சின்னக் கோப்பு இருக்கும். யூரிஸ் ரிவெஞ்சுக்கு ‘ஆர்ஏ2எம்டி டாட் ஐஎன்ஐ’. நோட்பேடில் திறந்தால், சதுர அடைப்புக்குள் ‘வீடியோ’ என்று ஒரு தலைப்பு வரும். அதன் கீழே புது வரியில் ‘வீடியோபேக்பஃபர்=நோ’ என்று சேர்க்க வேண்டும். மூன்று சொல்லையும் ஒட்டி எழுதணும், சமக்குறிக்கு இரண்டு பக்கமும் இடைவெளி கூடாது. வீடியோ நினைவகத்தில் நேரடியாகப் படத்தைத் தயார் செய்யாதே, சாதாரண நினைவகத்தில் செய் என்று அதற்கு அர்த்தம். அக்கா மகனின் லேப்டாப்பில் மெனு திரும்பி வந்தது இந்த ஒரே வரியால்தான். நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் வேலை!

ஒரே வரி என்றாலும் எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது, அதையும் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை சேமித்தேன், ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி திறந்து பார்த்தால் வரி அங்கேயே இருக்கிறது. விளையாட்டு மட்டும் கறுப்பு. பிறகுதான் புரிந்தது. நோட்பேடு அதை வேறு ஃபோல்டரில் புதுக் கோப்பாக ‘டாட் ஐஎன்ஐ டாட் டிஎக்ஸ்டி’ என்று சேமித்திருக்கிறது, விண்டோஸ் கடைசி வாலை மறைத்துவிட்டதால் பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் தெரிகிறது. ஃபைல் எக்ஸ்புளோரரில் ‘வியூ’ போய் வாலைக் காட்டச் சொன்னதும் குட்டு வெளிப்பட்டது. இரண்டாவது தடவை சரியான பெயரில், விளையாட்டின் ஃபோல்டரிலேயே சேமித்தால் அனுமதி இல்லை என்றது, ஏனென்றால் ஃபோல்டர் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ உள்ளே இருந்தது. பழைய விளையாட்டு எதையும் அங்கே வைக்காதீர்கள். தன் கோப்பில் தானே எழுதிப் பழகிய பிள்ளைகள் அவை, அந்த வீட்டில் பேனாவைத் தொடவே விடமாட்டார்கள். டி டிரைவில் ‘கேம்ஸ்’ என்று ஒரு ஃபோல்டர் போட்டு அங்கே நகர்த்தினேன். பிறகு சண்டை இல்லை.

சின்ன விண்டோவில் ஓட்டுவதற்கு இரண்டு வழி. ஒன்று, விளையாட்டோடு பிறந்த வழி. ஷார்ட்கட்டின் ‘பிராப்பர்ட்டீஸ்’ திறந்து, ‘டார்கெட்’ வரியின் கடைசியில் மேற்கோள் குறி இருந்தால் அது முடிந்தபிறகு ஓர் இடைவெளி விட்டு, சிறுகோடு போட்டு ‘வின்’ என்று எழுதுவது. மேற்கோளுக்கு உள்ளே எழுதிவிட்டால் கோப்பே இல்லை என்று சொல்லும், நானும் அப்படித்தான் முதலில் எழுதினேன். இந்த வழிக்கு டெஸ்க்டாப் 16 பிட்டில் இருந்தாக வேண்டும். இன்றைய விண்டோஸில் ‘கம்பாட்டிபிலிட்டி’ தாவலில் நிறத்தைக் குறைக்கும் கட்டத்தில் டிக் போட்டு 16 பிட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். நாம் இரட்டைக் கிளிக் செய்யும் ‘ஆர்ஏ2’ வெறும் வாசல்காரர். அவர் உள்ளே போய் ‘கேம்’ என்ற இன்னொரு நிரலை எழுப்பிவிடுவார், விளையாடுவது அதுதான். டிக் இரண்டுக்கும் போட வேண்டும். வாசல்காரருக்கு மட்டும் போட்டுவிட்டு ஆகவில்லை என்று புலம்புகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

இந்த வழி பையனின் லேப்டாப்பில் ஓடியது. என் கடைக் கணினியில் ஓடியும் ஓடாமலும் இழுத்தது, மவுஸ் அம்பு சிமிட்டிக்கொண்டே இருந்தது. அதனால் நான் நம்புவது இரண்டாவது வழியை.

‘சிஎன்சி-டிடிரா’ என்று ஒன்று இருக்கிறது. இதே வரிசை விளையாட்டுகளின் ரசிகர்கள் எழுதி, மூல நிரலோடு கிட்ஹப் என்ற நிரல் பகிரும் தளத்தில் இலவசமாக வைத்திருப்பது. முக்கியமான கோப்பு ‘டிடிரா டாட் டிஎல்எல்’, அதாவது மேலே சொன்ன டைரக்ட்டிரா வேலையைப் பார்க்கும் துணை நிரல் கோப்பு. அதையும் கூட வரும் கோப்புகளையும் விளையாட்டின் ஃபோல்டரில் போட்டால் போதும், எதையும் நிறுவ வேண்டாம். ஒரு நிரல் டிடிராவைத் தேடும்போது முதலில் தன் ஃபோல்டரில்தான் பார்க்கும், அதற்குப் பிறகுதான் விண்டோஸின் ஃபோல்டருக்குப் போகும். திண்ணையிலேயே ஆள் கிடைத்துவிட்டால் தாலுகா ஆபீஸ் வரை எதற்கு நடப்பானேன்? திண்ணைக்காரர் விளையாட்டு பேசுகிற பழைய பாஷையை வாங்கி, இன்றைய கிராபிக்ஸ் கார்டுக்குப் புரிகிற டைரக்ட்3டி 9 அல்லது ஓபன்ஜிஎல் பாஷையில் சொல்லிவிடுவார். 16 பிட் தகராறு அங்கேயே தீர்ந்தது.

அதனுடன் வரும் ‘டிடிரா டாட் ஐஎன்ஐ’யில் ‘விண்டோடு’ என்ற வரியை ‘ட்ரூ’ ஆக்கினால் விண்டோவில் ஓடும். ‘மெயின்டாஸ்’ என்ற வரியையும் ‘ட்ரூ’ ஆக்குங்கள். இந்த விளையாட்டு பழைய நாலுக்கு மூன்று மானிட்டருக்கு வரைந்தது. அகலத் திரையில் அப்படியே இழுத்துவிட்டால் கிரோவ் பூசணிக்காய் மாதிரி உப்பி வரும். மெயின்டாஸ் இருந்தால் இரண்டு ஓரத்திலும் கறுப்பு விட்டு உருவத்தைக் கெடுக்காமல் காட்டும். ஆல்ட்டோடு என்டர் அழுத்தினால் விண்டோவுக்கும் முழுத்திரைக்கும் மாறலாம். மவுஸ் விண்டோவுக்குள் சிறைப்பட்டுவிட்டால் கன்ட்ரோலோடு டேப், விடுதலை.

இந்த டிஎல்எல்லை, ‘காணாமல் போன டிஎல்எல் இங்கே கிடைக்கும்’ என்று விளம்பரம் போடும் தளங்களிலிருந்து எடுக்காதீர்கள். அங்கே எது எதோடு ஒட்டி வருகிறதென்று சொல்ல முடியாது. என் கடையிலேயே ஒரு கம்ப்யூட்டர் அப்படித்தான் படுத்தது.

இனி அளவு. இதைச் சொல்ல யாரும் மெனக்கெடுவதில்லை, எனக்கு இதில்தான் பாதி நாள் போனது. பையனின் லேப்டாப் திரை 1366க்கு 768. விளையாட்டு மெனுவில் இருக்கும் பெரிய அளவு 1024க்கு 768. உயரம் அச்சாகப் பொருந்துகிறதே என்று சந்தோஷமாக வைத்தான். விண்டோ வந்தது. மேலே தலைப்புப் பட்டை கொஞ்சம் தின்றது, கீழே டாஸ்க்பார் கொஞ்சம் தின்றது, படைக்குக் கட்டளை கொடுக்கும் பொத்தான் வரிசை டாஸ்க்பாருக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டது. டாங்கியை நிறுத்தப் போனவன் குரோமைத் திறந்துவிட்டான். 800க்கு 600 வைத்த பிறகு நாலு பக்கமும் காற்றோட்டமாக இருக்கிறது. அதே ‘வீடியோ’ தலைப்பின் கீழ் ‘ஸ்கிரீன்விட்த்’, ‘ஸ்கிரீன்ஹைட்’ என்ற இரண்டு வரிகளில் எண்ணை மாற்றலாம். மெனுவில் இல்லாத அளவும் அங்கே போடலாம். ஆனால் ஆசைப்பட்டு 1920க்கு 1080 போட்டீர்களானால் சிப்பாய் எறும்பு அளவில் தெரிவான். எனக்கு வயது ஐம்பத்திரண்டு, வெள்ளெழுத்து வேறு. ஆகாது.

புது லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் வரும். சின்னத் திரையில் எழுத்து தெரிவதற்காக விண்டோஸ் எல்லாவற்றையும் 125, 150 சதவீதம் பெருக்கி வைத்திருக்கும். பழைய விளையாட்டுக்கு அந்தப் பெருக்கல் தெரியாது. அம்பு ஓரிடத்தில் நிற்கும், கிளிக் வேறிடத்தில் விழும், அல்லது படம் திரைக்கு வெளியே வழியும். அதே கம்பாட்டிபிலிட்டி தாவலில் ‘ஹை டிபிஐ’ அமைப்பைத் திறந்து, அளவை ‘அப்ளிகேஷன்’ பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட வேண்டும். இதையும் வாசல்காரர், கேம் இரண்டுக்கும் செய்யுங்கள்.

லேனில், அதாவது பக்கத்துப் பக்கத்துக் கணினிகளை இணைத்து, சேர்ந்து ஆட முடியுமா என்று அடுத்த கேள்வி வரும் என்பதால் சுருக்கமாக: எங்கள் காலத்தில் அது ஐபிஎக்ஸ் என்ற முறையில் பேசியது, எட்டு மெஷினிலும் அதைப் போடுவேன். விஸ்டாவிலிருந்து விண்டோஸ் அதை எடுத்துவிட்டது. அதற்கும் ஒரு மாற்று டிஎல்எல் கிடைக்கிறது. அது தனிக் கடிதத்துக்கான விஷயம்.

கேள்வி–பதில் பகுதியைக் கவனிப்பவரிடம் ஒரு விண்ணப்பம். மெனு மட்டும் கறுப்பா, போர்க்களமும் கறுப்பா, இதே மெஷினில் முன்பு ஓடியதா, இடையில் விண்டோஸ் மாற்றினீர்களா என்று அந்த வாசகரிடம் முதலில் கேளுங்கள். அதற்குப் பிறகு வேண்டுமானால் கார்டைப் பற்றிப் பேசலாம். என் கணக்கில் அவருக்கு அந்த ஒற்றை வரியே போதும். அடுத்த ஞாயிறு அதை மட்டுமாவது போட்டுவிடுங்கள்.

இந்தக் கடிதத்தையும் கடையில் உட்கார்ந்துதான் அடித்துக்கொண்டிருக்கிறேன். இடது பக்கம் இது, வலது பக்கம் 800க்கு 600 விண்டோவில் ரெட் அலர்ட். நடுவில் ஒரு அம்மா வாரிசுச் சான்றிதழுக்கு எட்டு பக்கம் ஜெராக்ஸ் கேட்டு வந்தார்கள். ஆட்டத்தை நிறுத்தாமல் எழுந்துவிட்டேன், என் தப்பு. ஆறாவது பக்கம் போய்க்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் அந்தக் கட்டைக்குரல் கேட்டது. மீதிப் பக்கத்தை முடித்து, சில்லறை கொடுத்துவிட்டு வந்து பார்த்தால் பவர் பிளான்ட் மூன்றும் போய், காவலுக்கு நிற்கும் பிரிசம் டவர் எல்லாம் கரன்ட் இல்லாமல் மொட்டையாக நிற்கின்றன. ஆனால் திரை பளிச்சென்று இருக்கிறது.

இப்படிக்கு,
முன்னாள் பிரவுசிங் சென்டர்காரர், இந்நாள் ஜெராக்ஸ் கடைக்காரர்,
கோவில்பட்டி.